தபித்தாள் வீட்டுப் பிரிண்டர்

வண்டிச்சோலையில் இறங்கி தபித்தாள் வீடு எது என்று கேட்டால், "கேட்லாக் அக்கா ஊடா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள். கேட்லாக் என்றால் குன்னூர் தேயிலை ஏலத்துக்கான கேட்லாக். எந்த ஃபேக்டரியின் தூள், என்ன ரகம், எத்தனை மூட்டை, எந்தக் குடோனில் கிடக்கிறது என்று நம்பர் போட்டு அடுக்கிச் சொல்லும் முப்பத்திச்சொச்சம் பக்கம். அதை வாரம் தவறாமல், பிழை இல்லாமல் அடித்துக் கொடுப்பதுதான் இருபத்தாறு வருஷமாக அவளுடைய பிழைப்பு. அதில் கடைசி மூன்று வருஷம் வீட்டில் இருந்தபடியே.

அவள் எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரின் மகள். டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு பத்தொன்பது வயதில் குன்னூரில் ஒரு தேயிலை புரோக்கர் ஆபீசில் சேர்ந்தாள். அப்போதெல்லாம் ஸ்டென்சில் தாளில் அடித்து, உருளையில் மாட்டிச் சுற்ற வேண்டும். சாயங்காலம் பஸ் ஏறும்போது முழங்கை வரைக்கும் மை இருக்கும். பிறகு ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தொட்டால் ஷாக் அடிக்குமோ என்று ஆம்பிளைகள் எல்லாம் தள்ளி நின்றபோது முதலில் உட்கார்ந்தவள் அவள்தான். அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

அதற்குப் பிறகு தேயிலை விழுந்தது. பச்சை இலை கிலோ ஐந்து ரூபாய்க்கும் கீழே போய், பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று தோட்டத்தை அப்படியே காடாக விட்டவர்கள் எத்தனையோ பேர். தோட்டத்து லைன் வீடுகளைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏறினவர்கள் அதைவிட அதிகம். ஆபீசில் பதினோரு பேராக இருந்தவர்கள் நாலு பேரானார்கள். அந்த நாலில் தபித்தாள் இல்லை. ஆனால் அவளைப் போல கேட்லாக் அடிக்க வேறு ஆளும் இல்லை. அதனால் இரண்டு பழைய கம்ப்யூட்டரையும் ஒரு லேசர் பிரிண்டரையும் அவள் தலையில் கட்டி, வீட்டில் வைத்து அடித்துக் கொடு, பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி அனுப்பிவிட்டார்கள்.

பஜாரில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் பஷீர் வந்து எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தார். விண்டோஸுக்கு உரிமம் வாங்க யாரிடம் காசு இருக்கிறது? காசு கேட்காத லினக்ஸை இரண்டு மிஷினிலும் ஏற்றி, ஒயர் இழுத்து, நடுவில் ஒரு ஹப்பை வைத்து இரண்டையும் இணைத்தார். முன்னறை மிஷினில் தபித்தாள் அடிப்பாள். பிரிண்டரோ உள்ளறை மிஷினோடு. முன்னறையில் வைக்க முடியாது. ஜன்னலைச் சாத்தினாலும் மிஸ்ட் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும், பேப்பர் அப்பளம் போல நமுத்துவிடும். உள்ளறை சமையலறைச் சுவரை ஒட்டியது. அங்கே பேப்பர் அலமாரிக்குள் நாற்பது வாட் பல்பு ஒன்று ராவும் பகலும் எரியும். பிரிண்டரின் மேல் பழைய கம்பளி ஒன்று போர்த்தியிருக்கும்.

அந்த உள்ளறையில்தான் தனசிங் பகலெல்லாம் இருந்தார். தனசிங் அவள் புருஷன். சாதாரண ஆள் இல்லை, இருபத்தேழு வருஷம் டீ மேக்கர். வாடப் போட்ட இலையைக் கைப்பிடியில் அழுத்திப் பார்த்தே பதம் சொல்வார். டிரையர் வாசலில் நின்று மூக்காலேயே சூட்டை அளப்பார். அவருடைய ஃபேக்டரி மூடி இரண்டு வருஷம் ஆகிறது. மூடுவதற்கு முன் அவர் போட்ட கடைசித் தூள் நாற்பது மூட்டை, ஏலத்தில் கேட்பாரில்லாமல், அடுத்த கேட்லாக்கிலும் வந்தது, அதற்கடுத்த கேட்லாக்கிலும் வந்தது. மூன்று வாரம் அந்த வரியைத் தபித்தாள் தன் கையாலேயே அடித்தாள். அதை அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஃபேக்டரி மூடிய சூட்டோடு, பழைய மேனேஜர் ஒருவர் வந்து உகாண்டாவில் டீ மேக்கர் தேடுகிறார்கள் என்றார். கோயமுத்தூரில் ஒரு ஏஜெண்ட் இருக்கிறார், பயோடேட்டா கொடுத்தால் போதும் என்றார். தனசிங் வாயைத் திறப்பதற்குள் தபித்தாள் முந்திக்கொண்டாள். "அதெல்லாம் வேண்டாங்க. நான் பாத்துக்கறேன்."

அன்பினால்தான் சொன்னாள், அதில் சந்தேகம் வேண்டாம். ஐம்பது வயதில் மனுஷன் கண்காணாத தேசத்தில் காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி யார் வைத்துக் கொடுப்பார்? மகளைக் காரமடையில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இருப்பது இரண்டு வயிறு. பார்த்துக்கொள்கிறேன் என்றவள் பார்த்தும் கொண்டாள். வாடகை, அரிசி, மகள் பிரசவம், ஒழுகுகிற தகரம், எதற்கு அவர் வாயெடுத்தாலும் "நான் பாத்துக்கறேன்" என்ற பதில் தயாராக இருந்தது. கேட்டுக் கேட்டுத் தனசிங் கேட்பதையே விட்டுவிட்டார். சமைத்தார், ரேஷனுக்குப் போனார், மிச்ச நேரத்தில் உள்ளறை மிஷினில் சீட்டு விளையாடினார். விளையாடுகிறார் என்றுதான் தபித்தாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் ஒரு வெள்ளிக்கிழமை பிரிண்டர் நின்றது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கேட்லாக்கின் மூலப்பிரதி குன்னூர் ஆபீசில் இருக்க வேண்டும். அங்கே அதை ஜெராக்ஸ் போட்டு வியாபாரிகளுக்கு அனுப்புவார்கள். போன மாதம்தான் ஒரு கோளாறு நடந்திருந்தது. டோனர் தீர்ந்து ரீஃபில்லுக்குக் கோயமுத்தூர் போயிருந்ததால், ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு பஜாரில் ஒரு கடையில் அடித்தாள். அந்தக் கடை மிஷினில் விண்டோஸ். கட்டமெல்லாம் ஒரு வரி நகர்ந்து, ஒருத்தர் மூட்டை இன்னொருத்தர் பெயரில் நின்றது. ஏலத்தில் சத்தம் வந்துவிட்டது. மேனேஜர் ரவிக்குமார் கூப்பிட்டு, இன்னொரு தடவை பிசகினாலும் நேரம் தப்பினாலும் வேலை கோயமுத்தூர் அச்சகத்துக்குப் போய்விடும், என் கையில் இல்லை என்று சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவர் நாற்காலியே ஆடிக்கொண்டிருந்தது.

அதனால் அன்றைக்குக் காலை பத்து மணிக்கே கேட்லாக்கை முடித்துவிட்டாள். முப்பத்திரண்டு பக்கம். பிரிண்டரில் டோனர் தீரப்போகிறது என்று மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டப்பாவைக் கழற்றிக் குலுக்கிப் போட்டால் நாற்பது பக்கம் தாங்கும் என்பது அவள் அனுபவம். குலுக்கிப் போட்டாள். முன்னறைக்கு வந்து பிரிண்ட் கொடுத்தாள். ஒரே ஒரு தடவை. வரவில்லை என்றால் திரும்பத் திரும்ப அமுக்குகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

வரவில்லை.

உள்ளே போய்ப் பார்த்தாள். கரண்ட் இருக்கிறது, பேப்பர் இருக்கிறது, பிரிண்டர் கம்மென்று உட்கார்ந்திருக்கிறது. தனசிங் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று அவர் கேட்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது.

பிரிண்டரின் பொத்தானை அழுத்திப் பிடித்துச் சோதனைப் பக்கம் ஒன்று எடுத்தாள். ஒரு பக்க மை போனாலும் பரவாயில்லை என்று துணிந்துதான் எடுத்தாள். அழகாக வந்தது. அப்படியானால் பிரிண்டரில் குற்றமில்லை. ஸ்டூல் போட்டு ஏறிப் பரணில் இருந்த ஹப்பைப் பார்த்தாள். இரண்டு பச்சை விளக்கும் மினுக்கின. எலி கடித்திருக்குமோ என்று ஒயரை முன்னறை முதல் உள்ளறை வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே வந்தாள். கடிக்கவில்லை. முன்னறையில் உட்கார்ந்து, உள்ளறை மிஷினே இருக்கிறாயா என்று கேட்கும் கட்டளையைக் கொடுத்தாள். இருக்கிறேன், இருக்கிறேன் என்று வரிவரியாகப் பதில் வந்தது. இரண்டு மிஷினையும் அணைத்துப் போட்டாள். பழைய மிஷின்கள், எழுந்து கண்ணைக் கசக்கவே கால் மணி நேரம். மறுபடியும் பார்த்தாள். கேட்லாக் அனுப்பப்பட்டுவிட்டது என்று முன்னறை மிஷின் சத்தியம் செய்தது. உள்ளறையில் ஒரு தாள்கூட அசையவில்லை.

பன்னிரண்டரை ஆனது. தனசிங் வந்து கதவோரம் நின்று, விடு தபி, கடையிலேயே போய் அடிச்சுக்கலாம் என்றார். போன மாதம் கடையில் அடித்த லட்சணம் தெரிந்துமா இப்படிச் சொல்கிறார் என்று அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். அவர் பையை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போய்விட்டார்.

பஷீருக்குப் போன் போட்டாள். அவர் கூடலூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பிரியாணிப் பந்திச் சத்தத்துக்கு நடுவே எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஒயர் நல்லா இருக்கு, ரெண்டு மிஷினும் பேசிக்குது, அப்ப பிரிண்டர் வரிசையை லினக்ஸே நிறுத்தி வெச்சிருக்கும் அக்கா என்றார். அனுப்பின வேலையை வாங்க அந்த நேரத்தில் பிரிண்டர் இல்லையென்றால் அது கதவைச் சாத்திவிடும். பிறகு பிரிண்டர் வந்தாலும், எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும், நாமாகப் போய்த் திறந்தால் ஒழியத் திறக்காது. வருகிற வேலையை மட்டும் வாங்கி வாங்கி அடுக்கிக்கொண்டே இருக்கும். இடிக்குப் பிளக்கைப் பிடுங்கினீங்களா என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிடுங்கினோம் என்றாள். இடி இடித்தால் வீட்டில் இருக்கிற பிளக்கை எல்லாம் பிடுங்கிப் போடுவது மலையில் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான்.

"பிடுங்கியிருந்தப்ப யாராச்சும் பிரிண்ட் குடுத்தீங்களா?"

"யாரு குடுப்பா பஷீர்? இந்த ஊட்டுல பிரிண்ட் எடுக்கறது நான் ஒருத்திதானே."

பஷீர் சொன்னபடி உள்ளறை மிஷினில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பிரிண்டர் பெயருக்குப் பக்கத்தில் ‘நிறுத்தப்பட்டது’ என்று இருந்தது. இவ்வளவுதானா என்று அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. என்னென்ன வேலைகள் காத்திருக்கின்றன என்று கீழே ஒரு பட்டியலும் இருந்தது. அதை நகர்த்திப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, அவள் அனுப்பிய கேட்லாக் இருக்கும். மணி இரண்டு பத்து. தொடங்கு என்ற பொத்தானை அமுக்கினாள்.

பிரிண்டர் உறுமியது. முதல் தாள் வந்தது. அது கேட்லாக் இல்லை.

மேலே தனசிங்கின் பெயர் இருந்தது. பிறந்த தேதி. டீ மேக்கர், இருபத்தேழு ஆண்டு அனுபவம். விண்ணப்பிக்கும் இடம்: உகாண்டா. எல்லாம் ஆங்கிலத்தில், ஒற்றை விரலால் தடவித் தடவி அடித்தது என்பது எழுத்துக்கு நடுவே கிடந்த இடைவெளியிலேயே தெரிந்தது. இரண்டாவது தாளில் கட்டம் கட்டிச் சில கேள்விகள். எப்போது புறப்பட முடியும்: மூன்று மாதத்தில். உம்மைச் சார்ந்திருப்போர்: மனைவி, ஒருவர். அடியில் புதன்கிழமைத் தேதி.

புதன்கிழமை காலையில் அந்த வாரப் பட்டியலை வாங்க அவள் ஆபீசுக்குப் போயிருந்தாள். போவதற்கு முன் கம்ப்யூட்டர்களைச் செருகியவள், கம்பளிக்கு அடியில் இருந்த பிரிண்டரின் பிளக்கைச் செருக மறந்திருக்கிறாள். அந்த நேரத்தில் இவர் அடிக்கக் கொடுத்திருக்கிறார். வரவில்லை என்றதும் பிளக்கைப் பார்த்துச் செருகியிருக்கிறார். அதற்குள் வரிசை சாத்திக்கொண்டுவிட்டது. இதையெல்லாம் அவள் யோசித்து முடிப்பதற்குள் மூன்றாவது தாளும் நாலாவது தாளும் வந்துவிட்டன. அதே பயோடேட்டா. ஆனால் அப்படியே அதே இல்லை. மூன்று மாதத்தில் என்பது ஒரு மாதத்தில் என்று மாறியிருந்தது.

இந்த இடத்தில் அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரியாதவளா? அதே பக்கத்தில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ரத்து என்று பொத்தான் இருக்கிறது. அதுகூட வேண்டாம், பிளக்கைப் பிடுங்கினால் போதும். டோனரில் மிச்சம் எவ்வளவு என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் கை போகவில்லை. அடுத்த தாளில் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. புருஷன் இரண்டு வருஷமாக அவளோடு பேசாத பேச்சை பிரிண்டர் தாள் தாளாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

மொத்தம் ஏழு பிரதி. புதன்கிழமை மூன்று, வியாழக்கிழமை நாலு. ஒவ்வொரு தடவையும் வரவில்லை என்றதும் திரும்பப் படித்துப் பார்த்து எதையாவது திருத்திவிட்டு மறுபடி அமுக்கியிருக்கிறார். ஒரு மாதத்தில் என்பது ஒரு வாரத்தில் என்று ஆகி, கடைசியில் உடனே என்று ஆனது. சார்ந்திருப்போர் என்ற கட்டம் ஐந்தாவது பிரதியில் வெறுமையாக இருந்தது. ஏழாவதில் ‘யாரும் இல்லை’ என்று இருந்தது.

அதற்குப் பிறகு கேட்லாக் வரத் தொடங்கியது. முதல் பக்கம் பளிச்சென்று வந்தது. தபித்தாள் அதைக் கையில்கூட எடுக்கவில்லை. ஏழாவது பிரதியைப் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டாம் பக்கத்தில் நடுவே வெள்ளைக் கோடு விழுந்தது. டப்பாவைக் குலுக்கினாள், குலுக்கிக் குலுக்கி மூன்று பக்கம் தேற்றினாள். இருபத்தாறாம் பக்கத்திலிருந்து வெறும் தாள்தான் சூடாக வெளியே வந்து விழுந்துகொண்டிருந்தது.

மூன்றேகாலுக்குத் தனசிங் திரும்பி வந்தார். பையை இறக்கி வைக்காமலேயே உள்ளறையில் கிடந்ததைப் பார்த்தார். கட்டில் மேல் ஏழு பிரதியையும் அவள் வரிசையாக வைத்திருந்தாள்.

"பிரிண்டர் ஓடலைன்னு உங்களுக்குப் புதன்கிழமையே தெரியுமுங்களா?"

"தெரியும்."

"சொல்லியிருந்தா அன்னிக்கே சரி பண்ணியிருப்பேனில்லீங்க."

"என்னத்த அடிக்கப் போனேன்னு கேட்டிருப்பே" என்றார். கேட்லாக் வருவது வெள்ளிக்கிழமைதானே, அதற்குள் அதுவாகச் சரியாகிவிடும் என்று நினைத்ததாகச் சொன்னார். வெற்றுத் தாள்களைப் பார்த்தார். இருபத்தேழு வருஷம் மிஷின்களோடு குடித்தனம் செய்தவருக்கு, என்ன நடந்தது என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை.

தபித்தாள் ஏழாவது பிரதியை நீட்டி அந்தக் கட்டத்தில் விரலை வைத்தாள். "இது என்னங்க?"

தனசிங் பையை இறக்கி வைத்தார். "அதுல பொய் ஏதாச்சும் இருக்குதா தபி?" என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் அவளும் கோபப்பட்டிருப்பாள். குத்தலாகக் கேட்டிருந்தால் அதற்கும் அவளிடம் பதில் உண்டு. அவர் நிஜமாகவே கேட்டார். தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார். தபித்தாள் தேடிப் பார்த்தாள். இந்த இரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் ஒரு காரியத்துக்காவது போய் நின்றிருக்கிறாளா? ஒரு தீப்பெட்டிக்காவது? அவள் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம், அந்த மனுஷனை அவர் வீட்டிலேயே வேண்டாதவராக்கியிருந்தது. பொய் ஒன்றும் இல்லை. அவர் எழுதியது அத்தனையும் உண்மை.

குன்னூர் போகும் மூன்றரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் எழுந்து போனை எடுத்து ரவிக்குமாரிடம் சொன்னாள். கேட்லாக் வராது சார், இருபத்தைந்து பக்கந்தான் இருக்கு. அவர் ரொம்ப வருத்தத்தோடு, ஃப்ளாப்பியையாவது கொடுத்தனுப்புங்கள், கோயமுத்தூரில் எப்படியாவது சரி பண்ணி அடித்துக்கொள்கிறோம் என்றார். அடுத்த வாரம் என்று அவள் இழுத்தாள். அடுத்த வாரத்திலிருந்து அவர்களே பார்த்துக்கொள்வார்கள் அக்கா என்றார். இருபத்தாறு வருஷம் அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்தது. அவள் சரி சார் என்று சொல்லி வைத்துவிட்டாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. தலைக்கு மேல் போன வெள்ளம் சாண் என்ன, முழம் என்ன.

தனசிங் கதவைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டபடி நின்றார். என்னாலதான் என்று ஏதோ தொடங்கினார். தபித்தாள் கையைக் காட்டி நிறுத்தினாள். கட்டிலில் உட்கார்ந்து ஏழாவது பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, ‘யாரும் இல்லை’ என்பதன் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள். மேலே ‘மனைவி, ஒருவர்’ என்று ஆங்கிலத்தில் எழுதினாள். கம்பவுண்டர் மகளின் கையெழுத்து, முத்து முத்தாக இருந்தது. எழுதிவிட்டு அவரிடம் நீட்டினாள்.

"இதையே அனுப்புங்க" என்றாள். "இன்னிக்கு நாலு மணியிலிருந்து ஒருத்தி இருக்கறா."

தனசிங் தாளை வாங்கினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு முதுகை நிமிர்த்தி, கவர் எங்கே இருக்கிறது, கோயமுத்தூர் தபால் எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்று கேட்டார். இரண்டு வருஷமாக அவர் முகத்தில் இல்லாத ஒரு தெளிவு இருந்தது. வேலை போனதற்கு வராத அழுகை அதைப் பார்த்ததும்தான் தபித்தாளுக்கு வந்தது.